சித்தியின் கூடை இஸ்தோப்பிலேயே இருக்கட்டும்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக.

செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதை மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை அழுகை மட்டும்தான் கேட்டது. மூன்றாம் தடவைதான் கேள்வி விளங்கியது. "அக்கா, அம்மா போய் நாற்பது நாள் தாண்டியும் அழுதுகொண்டே இருக்கிறேன். எனக்கு விசுவாசம் இல்லையா?" என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. தொண்டை அடைத்தது. அதனால் எழுதுகிறேன். எல்லாரும் வாசிக்கிற இடத்தில் போடலாமா என்று கேட்டபோது, "போடுங்கக்கா, இதைக் கேட்க முடியாமல் எத்தனையோ பேர் இருப்பாங்க" என்றாய். சரி, அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் அடக்கத்தன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பெட்டியை மூடுகிற நேரம், பக்கத்துக் காம்பரா (அறை) பாட்டி, உன் அம்மாவான என் சித்தியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி சொல்லத் தொடங்கினார். நாற்பது வருஷம் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர். இரண்டு வரிகூடப் பாடவில்லை. "இது கிறிஸ்தவ வீடு, ஒப்பாரி வேண்டாம்" என்று யாரோ நிறுத்தினார்கள். அப்புறம் உன் தோளில் கை வைத்து, "நீ அழக்கூடாது தம்பி, சாட்சியாக நில்லு" என்றார்கள். நீ எச்சிலை விழுங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அன்றைக்குச் சொல்லாததைத்தான் இப்போது சொல்கிறேன்.

அந்தப் பாட்டியைப் பாட விட்டிருக்க வேண்டும். நம் வேதத்தில் புலம்பல் என்றே ஒரு புத்தகம் இருக்கிறது. ஐந்து அதிகாரம். அதில் முதல் நான்கும் எபிரெய எழுத்துகளின் வரிசையில் கட்டியவை. நாம் அ தொடங்கி ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு அடி சொல்லி அழுவது மாதிரி. யாரோ ஒருவர் தன் துக்கத்தை அவசரமில்லாமல் எழுத்து எழுத்தாகக் கட்டியிருக்கிறார். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று சாவு வீட்டில் எல்லாரும் சொல்கிற வசனம் அந்தப் புத்தகத்தில்தான் வருகிறது. ஆனால் எங்கே வருகிறது என்று பார்த்தாயா? மூன்றாம் அதிகாரத்தின் நடுவில். அதற்குப் பிறகும் அழுகை நிற்கவில்லை. இரண்டு அதிகாரத்துக்கு மேல் தொடர்கிறது. நம்பிக்கையைச் சொன்ன அதே வாய் மறுபடியும் அழுகிறது. நீ ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடிவிட்டு, திங்கட்கிழமை போர்டிங் ரூமில் தலையணையில் முகம் புதைத்து அழுதேன் என்றாயே, அப்படித்தான் அந்தப் புத்தகமும் போகிறது.

"நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து, அறிவில்லாதிருக்க எனக்கு மனதில்லை" என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை உனக்குச் சொன்னவர்கள், அதைத் "துக்கிக்காதே" என்று சுருக்கிவிட்டார்கள். கர்த்தர் வருவதற்குள் செத்துப்போன தங்கள் ஆட்களின் கதி என்ன என்று தெரியாமல் கலங்கிய சபை அது. அவர்கள் அழுததற்காகப் பவுல் கோபிக்கவில்லை. உங்கள் ஆட்கள் தொலைந்துபோகவில்லை என்று சொல்கிறார், அவ்வளவுதான்.

இன்னொரு ஆறுதலையும் நான் ஏற்கவில்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலை மறுபடி துளிர்க்கிற மாதிரிதான் மரணமும் என்று மயானத்தில் ஒருவர் பேசினார். நல்ல மனதோடுதான் பேசினார். ஆனால் கவ்வாத்து வெட்டிய செடி சாகவில்லை தம்பி. சித்தி செத்துப்போனார். லாசருவின் கல்லறையில் மார்த்தாள் அதை மறைக்கவில்லை: நாறுமே, நாலு நாளாயிற்றே என்று முகத்துக்கு நேரே சொன்னாள். இயேசுவும் அதை மறுக்கவில்லை. அவனை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே கண்ணீர் விட்டார். நாம் நம்புகிறது தானாகத் துளிர்க்கிற ஒன்றை இல்லை. உண்மையாகவே செத்தவர்களை அவர் எழுப்புவார் என்பதைத்தான் நம்புகிறோம். சாவைச் சின்னதாகக் காட்டினால் உயிர்த்தெழுதலும் சின்னதாகிவிடும்.

இப்போது ஈசாக்கைப் பற்றிச் சொல்கிறேன். என் அப்பா போன பிறகு என்னைத் தாங்கிப் பிடித்த கணக்கு இது. ஆதியாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார். ஈசாக்கு பிறந்தபோது சாராளுக்கு வயது தொண்ணூறு. அவள் மரித்தபோது நூற்றிருபத்தேழு. அப்படியானால் தாய் சாகும்போது ஈசாக்குக்கு முப்பத்தேழு வயது. ரெபெக்காளை அவன் கட்டியது நாற்பதாம் வயதில். அந்த இடத்தில்தான் வேதம் சொல்கிறது: "ஈசாக்கு தன் தாய்க்காகக் கொண்ட துக்கம் நீங்கி ஆறுதல் அடைந்தான்." மூன்று வருஷம், தம்பி! வாக்குத்தத்தத்தின் பிள்ளை, மோரியா மலையில் பலிபீடத்தின்மேல் கிடந்து எழுந்தவன், அம்மாவுக்காக மூன்று வருஷம் துக்கத்தில் இருந்திருக்கிறான். அதற்காக அவனை ஒரு சொல் கண்டித்ததாக எங்கேயும் இல்லை. உனக்கு நாற்பது நாள்தான் ஆகியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனி. ரெபெக்காளை அவன் எங்கே அழைத்துப் போனான்? "தன் தாய் சாராளுடைய கூடாரத்துக்கு." மூன்று வருஷத்துக்குப் பிறகும் அது சாராளின் கூடாரம்தான். பிரித்துச் சுருட்டிவிடவில்லை.

அதனால்தான் சித்தியின் கூடை விஷயத்தில் நான் உன் பக்கம். இஸ்தோப்பு (முன் திண்ணை) மூலையில் கொழுந்துக் கூடை, அதற்குள் மடித்து வைத்த, இடுப்பில் கட்டுகிற படங்கு, மழைக்குத் தலையில் போடுகிற கொங்காணி. பார்த்துப் பார்த்து அழுகிறார்கள், எடுத்துக் கொளுத்திவிடலாம் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்களாம். வேண்டாம். அவர்களோடு சண்டையும் பிடிக்க வேண்டாம். அக்கா வந்து பார்க்கிறேன் என்றதாக மட்டும் சொல்.

நான் செய்த பிழையையும் சொல்கிறேன். அப்பா போன எட்டாம் நாளே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எல்லாரிடமும் சிரித்தேன். "டீச்சருக்கு எவ்வளவு விசுவாசம்" என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. இரண்டு வருஷம் கழித்து ஹட்டன் பஸ் நிலையத்தில் யாரோ ஒருவர் அப்பா இருமுகிற மாதிரியே இருமினார். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையை அடக்க முடியவில்லை. என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது ஒரு சிங்கள அம்மா. அவர் ஒன்றுமே கேட்கவில்லை. நான் எழும்பும்வரை நின்றார். அன்றைக்குத்தான் அப்பாவுக்காக முதன்முதலாக ஜெபிக்க முடிந்தது. அதற்கு முன் நான் ஜெபித்ததெல்லாம் மற்றவர்கள் கேட்கத்தான்.

இனி நீ கேட்காத கேள்வி. கேட்கவில்லை என்றாலும் குரலில் இருந்தது. "நான் வருவதற்குள்ளே..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாய்.

மூன்று மாதம் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் கொழும்புக்குப் போனாய். ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நீ வரும்போது பஸ் எத்தனை மணிக்கு வந்தாலும் சித்தி சந்தியில் டோர்ச்சோடு நிற்பார். அன்றைக்கு நீ வந்தபோது நிற்கவில்லை.

யாக்கோபின் கதையைத் தாயின் பக்கமிருந்து யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. ரெபெக்காள் அவனை ஊரைவிட்டு அனுப்பும்போது "சிலநாள்" இரு, பிறகு ஆள் அனுப்பி அழைக்கிறேன் என்றாள். அந்தச் சில நாள் இருபது வருஷமாகிவிட்டது. அவள் ஆள் அனுப்பியதாக வேதத்தில் இல்லை. அவள் செத்த செய்திகூட எழுதப்படவில்லை. யாக்கோபு கிழவனாகி எகிப்தில் சாகக் கிடக்கும்போதுதான், அம்மாவை எங்கே அடக்கம்பண்ணினார்கள் என்று ஒரு வரியில் சொல்கிறான். அவன் அவளை மறுபடி பார்த்தானா? வேதம் சொல்லவில்லை. கர்த்தர் தன்னை "யாக்கோபின் தேவன்" என்று சொல்லிக்கொள்கிறார் தம்பி. பிழைக்கப் போன இடத்தில் சிக்கிக்கொண்டு தாயின் கடைசி முகத்தைப் பார்க்காத பிள்ளைக்கும் அவர் தேவன். மலையகத்தில் உன்னைப் போல எத்தனை பிள்ளைகள்! கொழும்புக் கடைகளில், வீட்டு வேலைகளில், கடல் தாண்டிப் போய். வறுமைதான் அவர்களை அனுப்பியது. அதைப் பாசக்குறைவு என்று யாரும் சொல்ல விடாதே. முக்கியமாக, ராத்திரியில் நீயே உனக்குச் சொல்லிக்கொள்ளாதே.

சித்திக்கு மிகவும் பிடித்த உவமை எது தெரியுமா? உன்னிடம் சொல்லியிருப்பாரோ என்னவோ. மத்தேயு இருபதாம் அதிகாரம், திராட்சத்தோட்டத்துக்குக் கூலிக்கு ஆள் பிடிக்கிற வீட்டெஜமான். நம் தோட்டங்களில் பேர் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கணக்கில் ஒரு நாள் வேலையாகப் பதிவதுதான் பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். சித்தி காய்ச்சலோடு மழையில் நின்று எடுத்த நாளிலும் நிறை குறைந்தது என்று அரைப்பேர் போட்டிருக்கிறார்கள். அந்த உவமையில் கடைசி ஒரு மணிநேரம் வேலை செய்தவனுக்கும் முழு நாள் கூலி. பெண்கள் கூட்டத்தில் ஒருநாள் சித்தி எழும்பி, "அந்தத் தோட்டத்துல அரைப்பேரே இல்ல" என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கேட்ட பிரசங்கங்களில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. நீ கடைசி நேரத்துக்கு வந்து சேரவில்லை என்று அரைப்பேர் போடுகிற ஆள் சித்தி இல்லை.

பேர் என்றதும் கல்லறை ஞாபகம் வருகிறது. டிக்கோயாவில் 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்துக்கு நம் வாலிபர் கூட்டம் போனபோது, துரைமாரின் கல்லறைக் கற்களை நீ ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு நின்றாய். நம் ஆட்களுடைய மண்மேடு இரண்டு மழைக்காலம் தாண்டினால் தெரியாது. நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்து, 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்தப் பழைய காட்டுவழியில் நோயில் விழுந்து செத்தவர்களுக்கு மண்மேடுகூட இல்லை. ஆபிரகாமும் "அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன்" என்று கெஞ்சித்தான் சாராளுக்கு நிலம் கேட்டான். நானூறு சேக்கல் வெள்ளி கொடுத்தான். தேசம் முழுவதும் தருகிறேன் என்று தேவன் வாக்குச் சொன்ன மனுஷனுக்கு, வாங்கிச் சொந்தமான முதல் மண் மனைவியின் கல்லறை. சித்திக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்ற உன் ஆசை பெருமை இல்லை. வைப்போம். செலவில் பாதி என்னுடையது.

கல்லில் பேரை எப்படி எழுதுவது என்று கேட்டாய். அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் வேறு மாதிரி. இரண்டையும் விடு. சித்தி தன் வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். அதைப் பார்த்து எழுதச் சொல்வோம். கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற மரியாளுக்குக் கண்ணீர் மறைத்ததோ என்னவோ, எதிரே நின்றவர் யாரென்று தெரியவில்லை. "மரியாளே" என்று அவர் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. சித்தியையும் அவர் ஒருநாள் அப்படிக் கூப்பிடுவார். எந்தப் பத்திரத்தையும் பார்த்துக் கூப்பிட மாட்டார்.

சித்தியின் சேமலாப நிதி (வேலைக்காலச் சேமிப்பு) கடதாசிகளை எடுத்து வை, பேர் வித்தியாசத்துக்கு என்ன செய்யலாம் என்று விசாரிப்போம். சித்தப்பா ராத்திரியில் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவரும் உன் முன்னால் அழக்கூடாது என்று அடக்கிக்கொண்டிருப்பார். நீ அவர் முன்னால் அழு. அந்தப் பாட்டியிடமும் பேசினேன். நாம் கூப்பிட்டால் வந்து மீதியைப் பாடுவாராம்.

டிசம்பர் லீவு விட்டதும் நான் தோட்டத்துக்கு வந்துவிடுவேன். நீ வருகிற பஸ் கினிகத்தேனை தாண்டியதும் ஒரு மெசேஜ் போடு. எந்த நேரமானாலும் பரவாயில்லை. சித்தப்பாவிடம் அந்த டோர்ச்சை வாங்கி வைத்திருக்கிறேன். சந்தியில் நிற்பேன்.

அன்புடன்,
அக்கா