சட்டைப் பையில் இருந்த சீட்டு

அன்புள்ள சரவணா,

அம்மா இப்போதுதான் கண் அயர்ந்தாள். குடல் புற்றுக்கான கீமோ மருந்தை ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் வைத்த போர்ட்டில் ஊசி இருக்கிறது, பம்ப் இடுப்புப் பையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 46 மணி நேரக் கணக்கு, நாளை மதியம் முடியும். கழற்றியதும் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூர் திரும்புகிறோம். போனில் பேசினால் இந்தச் சின்ன அறையில் அவள் காதில் விழும். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வாரமாக நீ போன் செய்யவில்லை. காணொளி மட்டும் அனுப்புகிறாய். கல்லீரலையே மாற்றுகிறார்களாம், வெட்டி எடுத்தால் மறுபடி வளருமாம். எல்லாவற்றையும் பார்த்தேன், பிரிண்ட் எடுத்து டாக்டரிடமும் காட்டினேன். அவர் பொறுமையாகத்தான் சொன்னார். குடலிலிருந்து பரவிய கட்டிகள் கல்லீரலின் இரண்டு பக்கமும் இருக்கின்றன, ஒன்று பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்கிறது, அம்மாவின் இதய வால்வு அத்தனை பெரிய ஆபரேஷனைத் தாங்காது. இனி ஆபரேஷன் பேச்சை அம்மாவிடம் எடுக்காதே. நீ கேட்டுவிட்டால் அவள் ராத்திரி முழுக்க என்னைக் கேட்கிறாள்.

ஆபரேஷன் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதே. நீ சின்னப் பையனாக இருந்தபோது கல்லணையில் நின்று காட்டினேனே, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவதை. டாக்டர் தாளில் கல்லீரலை வரைந்தபோது எனக்கு அதுதான் கண்முன் வந்தது. கல்லீரலுக்கு இரண்டு வாய்க்கால். ஒன்று குடலிலிருந்து வருகிறது, முக்கால் பங்கு ரத்தம் அதில்தான். குடலில் பிடித்தது நேரே கல்லீரலில் போய் இறங்குவது அந்த வழியாகத்தான். இன்னொன்று தமனி, கால் பங்குதான். ஆனால் கட்டிகள் பெரும்பாலும் தமனியில்தான் குடிக்கின்றனவாம். அதனால் தமனி வழியாக மருந்தை விட்டால் கட்டிக்குப் போகும், நல்ல ஈரலுக்குச் சேதம் குறைவு. அடுத்து செய்யலாமா என்று யோசிப்பது அதுதான். ஒய்-90 என்கிறார்கள். தலைமுடியை விடச் சின்ன மணிகள், அதில் கதிர்வீச்சு. முதலில் மாதிரிக்கு வேறு துகளை விட்டு நுரையீரலுக்குக் கசிகிறதா என்று பார்ப்பார்களாம். புதுக் கால்வாயில் தண்ணீர் விட்டுக் கரை கசிகிறதா என்று நாங்கள் பார்க்கவில்லையா, அது போல. முப்பத்தைந்து வருஷம் மதகும் ஷட்டருமாகக் கழித்தவனுக்கு இது புரியாமல் போகுமா?

ஸ்கேனில் பெரிய கட்டி 5 சென்டிமீட்டரிலிருந்து 3-க்கு வந்திருக்கிறது. ரத்தத்தில் புற்றின் போக்கைக் காட்டும் சிஇஏ 212-லிருந்து 38. மருந்து நன்றாகக் கேட்கிறது என்கிறார். ஆனால் இது நோயை அடக்கி வைக்கும் வைத்தியம், முழுக்கப் போக்கும் வைத்தியம் இல்லை என்றும் சொன்னார். போனில் உன்னிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். மனசு வரவில்லை.

எட்டாவது கீமோவோடு, விரலை மரக்க வைக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் மருந்தை நிறுத்திவிட்டார்கள். மரத்துப்போன விரல் நுனி இன்னும் சரியாகவில்லை. பூ கட்ட முடியவில்லை, நூல் கைக்குத் தெரியவில்லை என்கிறாள். மார்கழியில் குளிர்ந்த தண்ணீரைத் தொட்டாலே ஷாக் அடித்த மாதிரி கையை இழுத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுப் பெண்தான் வாசல் தெளித்தது. கோலத்தை மட்டும் காலில் சாக்ஸ் போட்டுக்கொண்டு அவளே போட்டாள். கோணல்தான், ஆனாலும் விடவில்லை.

போர்ட் வைக்கப் பணம் கேட்டபோது மறுபேச்சில்லாமல் அனுப்பினாய். என் பிள்ளை அனுப்பினான் என்று வார்டில் எல்லோரிடமும் சொன்னேன். உன்னைக் குறை சொல்ல இந்தக் கடிதம் இல்லை.

குடலை ஒரு முறை பார்த்துக்கொள், தம்பி. பெற்றவளுக்கு வந்தால் பிள்ளைகள் 40 வயதில் கொலோனோஸ்கோப்பி, அதாவது குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, செய்துகொள்ள வேண்டும், பெற்றவளுக்கு 50-க்கு முன்பே வந்திருந்தால் இன்னும் சீக்கிரம். அம்மாவுக்கு 56-ல் வந்தது, உனக்கு 34, இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது என்று கணக்குப் போடாதே. அது தொந்தரவே இல்லாதவர்களுக்கான கணக்கு. அம்மாவின் கட்டியில் எம்எஸ்ஐ சோதனை செய்ததில் பரம்பரை வகைக்கான அடையாளம் இல்லை. அதையும் சாக்காக வைத்துக்கொள்ளாதே. முதல் நாள் நீர் ஆகாரமும் பேதி மருந்தும், மறுநாள் மயக்கத்தில் அரை மணி நேரம், அவ்வளவுதான். பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சி இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்கள். அது புற்றாக மாறப் பத்து வருஷம் போல ஆகுமாம். போய்ப் பார்த்துவிடு.

பொங்கலுக்கு வந்தபோது குளியலறை ஜன்னலில் நீ விட்டுப்போன மூலக் களிம்பு ட்யூபைப் பார்த்தேன். பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. அப்பனும் பிள்ளையும் பேசுகிற விஷயமா என்று கூச்சம். ஆனால் கூச்சம் மட்டுமில்லை.

அம்மாவுக்கு ஏன் இத்தனை தாமதம் என்று நீ ஆஸ்பத்திரி வாசலில் கேட்டாய். முன்னால் எதுவும் தெரியவில்லை என்றேன். அது பொய், சரவணா. 2023 கார்த்திகையிலேயே ரத்தம் போகிறது என்று என்னிடம் சொன்னாள். மூலச்சூடு, சின்ன வெங்காயமும் மோரும் சாப்பிடு என்றேன். பக்கத்து ஊரில் மூலத்துக்கு மருந்து கொடுப்பவரிடம் நானே கூட்டிப்போனேன். ஒரு மண்டலம், பிறகு இன்னொரு மண்டலம். மே மாதம் டவுன் டாக்டர் கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்லி சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்த வாரம்தான் பாப்பாவுக்குக் காதணி விழா. நீங்கள் எல்லோரும் வருகிறீர்கள், மண்டபம் பேசியாகிவிட்டது. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே பந்தியில் நின்று எல்லோரையும் உபசரித்தேன். நீங்கள் போனதும் பார்க்கலாம் என்று இருந்தேன். அப்புறம் நடவு. ஆடியில் அவள் கோயில் படியில் மயங்கி விழுந்தபோது ஹீமோகுளோபின் 6.8.

அவள் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், நான்தான் சொல்லாமல் இருந்துவிட்டேன் என்று தன் மேலேயே போட்டுக்கொள்கிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சீட்டை மூன்று மாதம் வைத்திருந்தேன். உன் ட்யூபைப் பார்த்தும் மூன்று மாதம் ஆகிவிட்டது. மூலமாகவே இருக்கலாம். அதை நீயும் நானும் சொல்லக் கூடாது, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். இந்த வாரமே போ.

தேதி வாங்கியதும் எனக்கு மட்டும் செய்தி அனுப்பு. ரிப்போர்ட்டும் எனக்கே வரட்டும். அம்மாவிடம் சீட்டு விஷயத்தை நீ சொல்ல வேண்டாம், பம்ப் கழற்றிய பிறகு நானே உட்கார்ந்து பேசுகிறேன்.

பாப்பாவுக்கு அப்பாயி முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள். நான்தான் பிழிந்தேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பதம் சொன்னாள்.

அப்பா