நார்டனை நடந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நெதர்லாந்துப் பயணக் கட்டுரையில் நார்டன் கோட்டை ஊரின் வான்வழிப் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். படம் அருமை. ஆனால் தனியாகப் போகிறவர்களுக்கு அங்கே பொழுது போகாது என்று கட்டுரையாளர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் தனியாகத்தான் போனேன். கூட ஆள் இருந்திருந்தால் பாதியைப் பார்க்காமலே திரும்பியிருப்பேன்.

செஞ்சியைப் பார்த்த கண்ணோடு போனால் முதலில் ஏமாற்றம்தான். மதில் ஒன்றும் உயரமில்லை. செங்கல் சுவர், அதன்மேல் புல் மூடிய மண்மேடு, சுற்றிலும் இரட்டை அகழி, அவ்வளவுதான். உயர்ந்த கல்மதிலைப் பீரங்கி நொறுக்கிவிடும். தடித்த மண்ணோ குண்டை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் இந்தத் தாழ்வு. படத்தில் பளிச்சென்று தெரிகிற ஆறுமுனை நட்சத்திரம் தரையில் தெரியவே தெரியாது. மதிலிலிருந்து முனையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கொத்தளத்தின் ஓரத்தில் நின்று அடுத்த கொத்தளத்தைப் பார்க்கும்போதுதான் சங்கதி பிடிபடும்: அங்கிருந்து சுடுபவனுக்கு இந்த மதிலின் அடிவாரம் முழுக்கத் தெரியும், ஏறிவருகிற எதிரிக்கு ஒளிய மூலையே கிடையாது. இது விளங்க நின்று, திரும்பி, வந்த வழியே மறுபடி நடக்க வேண்டும். "போலாமா?" என்று யாராவது கேட்டுக்கொண்டே இருந்தால் அது நடக்காது.

(யாழ்ப்பாணத்தை 1658-இல் பிடித்த டச்சுக்காரர்கள் அங்கே ஐங்கோணக் கோட்டை கட்டியதும் இதே கணக்கில்தான்.)

ஊரின் கதையையும் கட்டுரை தொடவில்லை. 1572 டிசம்பரில் ஸ்பானியப் படை ஊர்மக்களைக் கூட்டிவைத்துக் கொன்று ஊரைக் கொளுத்தியது. அந்தப் படுகொலையை 'ஸ்பானிய வீடு' என்ற கட்டடத்தின் முகப்பிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். கடைத்தெருவுக்கு நடக்கிறவர் அண்ணாந்து பார்த்தால் போதும். 1672-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள், மறு ஆண்டே டச்சுத் தலைவர் மூன்றாம் வில்லியம் மீட்டார். இன்றைய அரண்கள் அதற்குப் பிறகு திருத்திக் கட்டியவை. குழந்தைகளுக்குப் படத்தோடு பாடநூல் எழுதிய கொமேனியஸின் கல்லறையும் இங்கேதான். ஆசிரியர் வேலை பார்ப்பவர்கள் தவறவிடக் கூடாது.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. வெயில் சாயும்வரை மதில்மேல் ஒற்றைப் பெண்ணாக நடந்தேன். நாயோடு வந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள், வேறு யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. நார்டன்-புஸம் நிலையத்தில் இறங்கி நடந்தே போகலாம். திங்கட்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அந்த நாட்டில் பல அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை.

அடுத்து அந்த நாட்டின் மற்றக் கோட்டை ஊர்களான எல்பர்க், பூர்டாங்கே பற்றியும் எழுதச் சொல்லுங்கள். முக்கியமாக, ரயிலே போகாத பூர்டாங்கேக்குக் கார் இல்லாமல் தனியாள் எப்படிப் போய்ச் சேருவது என்பதை விவரமாகப் போடுங்கள்.

ஒரு வாசகி,
திருச்சி