நிலாவுக்கு: முதல் 10 மில்லி நொடி பற்றி

அன்பு மகள் நிலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஷார்ட் சர்க்யூட் போன்ற ஃபால்ட்டில் பாயும் கரண்டை அடக்கும் லிமிட்டருக்காக மீக்கடத்தி நாடாவில் சுருள் (காயில்) சுற்றுவதும் சோதிப்பதுமாகவே நாள் போகிறது, இதெல்லாம் என்றைக்கு மின் கிரிட்டுக்குப் போகப்போகிறது என்று போனில் அலுத்துக்கொண்டாய். அப்போது சொல்ல விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

சப்-ஸ்டேஷன் யார்டில் வேலை பார்த்தவளுக்கு உன் காயிலின் அருமை தெரியும். ஃபால்ட் வந்தால் காவல் கருவியான ரிலே உணர்ந்து, பிரேக்கர் திறந்து, அதன் முனைகளுக்கு நடுவே எரியும் ஆர்க் அணைவதற்குள் இரண்டு மூன்று சைக்கிளாவது ஓடிவிடும். நம் 50 ஹெர்ட்ஸில் ஒரு சைக்கிள் 20 மில்லி நொடி. ஃபால்ட் கரண்டின் பெரிய உச்சமோ முதல் 10 மில்லி நொடிக்குள்ளேயே வந்துவிடுகிறது. அந்த அடியை, எல்லா லைனும் வந்து சேரும் பஸ்பாரும் டிரான்ஸ்பார்மரும் வாங்கித்தான் ஆக வேண்டும். கரண்ட் 10 மடங்கு ஏறினால் கம்பிகளுக்கு இடையிலான விசை 100 மடங்கு ஏறும். பிரித்துப் போட்ட டிரான்ஸ்பார்மரில் வைண்டிங் நெளிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கண்ணை விட்டுப் போகவே இல்லை.

அந்தக் கரண்டைக் குறைக்க நாங்கள் பஸ்பாரைப் பிரித்து ஓட்டினோம், லைனோடு தொடராக ரியாக்டர் என்ற சுருளைப் போட்டோம். ரியாக்டர் ஃபால்ட் இல்லாத நாளிலும் வோல்டேஜைத் தின்னும். உன் காயில் −196 டிகிரி திரவ நைட்ரஜனில் கிடக்கும்வரை தடை என்பதே ஏறக்குறைய இல்லை. எதிரெதிர்த் திசையில் கரண்ட் ஓடும்படி நாடாக்களைச் சேர்த்துச் சுற்றுவதால் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, அதனால் ரியாக்டரைப் போல கரண்டை எதிர்க்கும் இண்டக்டன்ஸும் சொற்பம். கரண்ட் வரம்பு மீறினால் ரிலே சொல்லவேண்டியதில்லை, சில மில்லி நொடியில் மீக்கடத்தும் நிலையை இழந்து அதுவே தடையாகிவிடும். இப்படி ஒன்று கிடைக்காதா என்று நாங்கள் ஏங்கியிருக்கிறோம்!

என்றைக்கு என்று கேட்டாயே, ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 2014-லேயே 10 கே.வி. மீக்கடத்திக் கேபிளோடு லிமிட்டரையும் சேர்த்து ஓட்டினார்கள். அதில் உங்கள் கார்ல்ஸ்ரூ நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. மாஸ்கோவில் 2019-இல் 220 கே.வி.க்கே போட்டுவிட்டார்கள்.

முழு ஷார்ட் சர்க்யூட் சோதனையில் நாடா தாங்கியது என்று சந்தோஷப்பட்டாய். எனக்கு அது போதாது. பெரிய கரண்ட் வந்தால் நாடா முழுவதும் ஒரே நேரத்தில் நிலை மாறும், சூடும் எங்கும் பரவிவிடும். வரம்பைக் கொஞ்சமே தாண்டும்போதுதான் பயம். நாடாவில் எந்த இடம் பலவீனமோ அது மட்டும் முதலில் மாறி, சூடு அங்கேயே குவிந்து கருகிவிடும். களத்தில் எல்லா ஃபால்ட்டும் சப்-ஸ்டேஷன் வாசலிலா வரும்? ஊர்களுக்குப் போகும் ஃபீடர் லைனின் கடைக்கோடியில் தென்னை மட்டை விழுந்தால் இரண்டுங்கெட்டான் கரண்ட்தான் வரும். உன் கைடு கேட்காவிட்டாலும் அந்தக் கரண்டில் ஒருமுறை சோதித்துப் பார்.

இன்னொன்று. திறந்த பிரேக்கர் ஒரு நொடி வாக்கில் தானே மறுபடி மூடிக்கொள்ளும் (ரீகுளோஸ்). அதற்குள் உன் காயில் பழையபடி குளிர்ந்துவிடுமா? லோடு ஓடிக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம், இல்லாவிட்டால் எவ்வளவு நேரம்? இரண்டுக்குமான கிராஃப் இருந்தால் அனுப்பு, உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா