சாத்தனூர் அணையை விட்டுவிடுங்கள், சார்

செஞ்சிக்கோட்டைக்குப் பள்ளிச் சுற்றுலா அழைத்து வரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் ஆசிரியன் இல்லை. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்துக்காரன். மார்கழி பிறந்துவிட்டால் உங்கள் பேருந்துகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். முன்கண்ணாடியில் பள்ளியின் பெயர் எழுதிய பேனர், உள்ளே காதைக் கிழிக்கும் பாட்டு, ஜன்னல் ஜன்னலாகக் கை. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் நாங்களும் பதிலுக்குக் கை காட்டுவோம். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இந்த மடல்.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வெளியூரிலிருந்து வந்த உறவினர்களோடு நானும் கோட்டைக்குப் போயிருந்தேன். கல்யாண மகால் முன்னால் ஒரு பள்ளிக்கூடம் இறங்கியிருந்தது. எந்தப் பள்ளி என்பது இங்கே தேவையில்லை. கையில் விசிலோடு ஓர் ஆசிரியர், "எல்லாரும் பாத்தாச்சா? பன்னண்டு மணிக்குள்ள பஸ்ஸுல இருக்கணும். திருவண்ணாமலை முடிச்சிட்டு சாத்தனூர் டேம் போகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒல்லியாக ஒரு பையன் கோட்டையின் பெரிய மலையான ராஜகிரியின் உச்சியைக் காட்டி, "சார், அங்க மேல என்ன இருக்கு?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லடா. இடிஞ்ச சுவருதான். வா."

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுபது பிள்ளைகளைக் கூட்டி வந்து அறுபதையும் வீடு சேர்க்க வேண்டியவர். அதிகாலையில் எழுந்திருப்பார். ஒரு பிள்ளை கால் இடறினால் மறுநாள் பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான். எல்லாம் சரி. ஆனால் அந்தப் பையன் கேட்டதற்கு அது பதில் இல்லை.

ஏழாம் வகுப்பில் நானும் இதே மாதிரிதான் வந்தேன். பக்கத்து ஊர்க்காரனாக இருந்தும் எனக்குக் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். கல்யாண மகால், ஆனைக்குளம், பிறகு கைதிகளைத் தள்ளிவிட்டுப் பட்டினி போட்டதாகச் சொல்லும் அந்தக் கிணறு. கிணற்றுக் கதையைச் சொல்லும்போது மட்டும் எங்கள் வகுப்பு மூச்சு விடாமல் கேட்டது. வீட்டில் போய் நான் சொன்னதும் அது ஒன்றைத்தான். அப்புறம் பல வருடம் அறுவடைக்கு அறுவடை அப்பாவோடு நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு செஞ்சி கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு, வருவேன். எடை போடும் வரை மூட்டை மேல் உட்கார்ந்து அதே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. மேலே ஒன்றும் இல்லை என்றுதான் எனக்கும் சொல்லியிருந்தார்கள்.

முதல்முறை ஏறியபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. அதுவும் என் மகள் அடம் பிடித்ததால். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு முன்னால் ஓடினாள்.

மேலே என்ன இருக்கிறது என்று இப்போது சொல்கிறேன். சுமார் 800 அடி. சில இடங்களில் படி முழங்கால் உயரம். பாதி வழியில் கமலக்கன்னி அம்மன் கோயில். மூச்சு வாங்க நல்ல இடம். வளைந்து வளைந்து வாசலுக்கு மேல் வாசலாகக் கடந்து போனால், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் மலை இரண்டாகப் பிளந்து நிற்கும். கீழே பார்த்தால் வயிற்றைக் கலக்கும் பள்ளம். அந்தப் பிளவின் மேல் ஒரு சின்னப் பாலம். அவ்வளவுதான் வழி. பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கோட்டை தனித்தீவு. என் மகள் பாலத்தின் நடுவில் நின்று, "அப்பா, இங்க பத்து பேர் நின்னா போதும்ல?" என்றாள். கோட்டை என்றால் என்ன என்று அந்த நிமிடம் அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான்.

பாலம் தாண்டினால் ரங்கநாதர் கோயில், தானியக் களஞ்சியம், மணிக்கூண்டு, ஒரு பெரிய பீரங்கி. ஆனால் நான் உங்களை மேலே கூப்பிடுவது இவற்றுக்காக அல்ல. அங்கே நின்று கீழே பார்க்க வேண்டும். வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி, நாம் நிற்பது ராஜகிரி. மூன்றையும் முக்கோணமாக இணைத்துக்கொண்டு சுமார் 13 கிலோமீட்டர் மதில் ஓடுகிறது. வரும்போது உங்கள் பேருந்து திருவண்ணாமலைச் சாலையில் அந்த மதிலைக் குறுக்கே கடந்துதான் வந்திருக்கும். கீழே இருக்கிறவரை அது அங்கங்கே நிற்கும் கற்சுவர். உச்சியிலிருந்து பார்க்கும்போதுதான் துண்டுகள் சேர்ந்து ஒரே வரைபடமாகத் தெரிகின்றன. வரலாற்று வகுப்பில் நீங்கள் கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும் இது வராது.

அந்த இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து முற்றுகைக் கதையைச் சொல்லுங்கள். சிவாஜி 1677-இல் இந்தக் கோட்டையைப் பிஜாப்பூர் சுல்தானின் ஆட்களிடமிருந்து பிடித்தார். 1689-இல் மராட்டியத் தலைநகரம் ராய்கட் மொகலாயரிடம் விழுந்தபோது அவர் மகன் ராஜாராம் தப்பி ஓடி வந்து சேர்ந்தது இங்கேதான். மராட்டிய அரசுக்கே கொஞ்ச காலம் நம் செஞ்சி தலைநகரம். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690-இல் படையோடு வந்தார். கோட்டை விழுந்தது 1698-இல். எட்டு வருடம்! ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். மூன்று மலையையும் சுற்றி வளைக்க எத்தனை ஆள் வேண்டும் என்று அவர்களே கணக்குப் போடுவார்கள். இடையில் மராட்டியக் குதிரைப்படை வெளியிலிருந்து வந்து, முற்றுகை போட்டவர்களையே முற்றுகை போட்டது. சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்கிப் போய் மறுபடி வர வேண்டியிருந்தது. வந்தவாசி என்றால் பிள்ளைகளுக்குத் தெரியும், கோரைப்பாய் ஊர். கடைசியில் கோட்டைக்குள் நுழைந்தபோது ராஜாராம் ஏற்கெனவே நழுவிப் போயிருந்தார்.

இன்னொன்று. "இது தேசிங்கு ராஜா கட்டின கோட்டை" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஓர் ஆசிரியர் சொல்வது என் காதில் விழுகிறது. தேசிங்கு மீது எனக்கு உங்களைவிடப் பாசம் அதிகம். கூத்திலும் கதைப்பாட்டிலும் அவனைக் கேட்டு வளர்ந்த மண் இது. ஆனால் அவன் செஞ்சியை ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. அப்பா சொரூப்சிங் மொகலாயர் காலத்தில் கோட்டைக்குப் பொறுப்பாக வந்த புந்தேலா ராஜபுத்திரர். அவர் இறந்த பிறகு மகன் பட்டத்துக்கு வந்தான். கட்ட வேண்டிய பாக்கிக்காக ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையோடு வந்தார். 1714 அக்டோபரில் சண்டை. இருபத்திரண்டு வயதில் செத்துப்போனான்.

நியாயமாக அந்தப் பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பையன், சில மாதம் ஆண்டவன், தோற்றவன். முந்நூறு வருடமாக நம் ஊர்க்காரர்கள் ஏன் அவனைப் பாடினார்கள்? கதையில் அவனுக்கு உயிர்த்தோழன் மகபத்கான், ஒரு முஸ்லிம். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு ஓடுகிறவன் அவன். நீலவேணி என்ற குதிரை வேறு. இதை ஒரு வகுப்பு முழுக்கப் பேசலாம். கோட்டையைக் கட்டியது யார் என்றால், கோனார்கள் தொடங்கியதாக ஊர் வரலாறு சொல்கிறது. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. பிறகு வந்தவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்தார்கள், ஆளுக்குக் கொஞ்சம் பிடுங்கினார்கள். 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-இல் ஆங்கிலேயர்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செதுக்குத் தூண்கள் இங்கிருந்து போனவை என்பார்கள். அடுத்த சுற்றுலா புதுச்சேரி என்றால் மறக்காமல் காட்டுங்கள்.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். உங்கள் அட்டவணையில் செஞ்சி, திருவண்ணாமலை, சாத்தனூர் அணை மூன்றும் ஒரே நாளில் இருக்கின்றன. இதில் செஞ்சிக்குக் கிடைப்பது இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் நடுவில் ஒரு துண்டு நேரம். சாத்தனூர் அணையை விட்டுவிடுங்கள். அங்கே இருக்கும் முதலைப் பண்ணையைப் பார்க்க முடியவில்லையே என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், எனக்குத் தெரியும். அதை இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளலாம். திருவண்ணாமலையையும் விடச் சொன்னால் தலைமை ஆசிரியர் என்னைத் தேடி வருவார், அதனால் சொல்லவில்லை. இருட்டிய பிறகு கோபுரம் இன்னும் அழகு, அவ்வளவுதான் சொல்வேன்.

கோட்டை திறக்கும்போதே வாசலில் இருங்கள். பிற்பகல் ஆகிவிட்டால் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். வெயில் அதற்கு முன்பே விடாது. அறுபது பேரையும் ஏற்ற முடியாது என்றால் இரண்டாகப் பிரியுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை, காலில் அடிபட்ட பிள்ளை, பயப்படுகிற பிள்ளை எல்லோரும் கீழே ஓர் ஆசிரியரோடு இருக்கட்டும். அவர்களுக்கு அது தண்டனையாகத் தெரியக் கூடாது. கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் வந்ததையும், அது மேல்மாடி வரை ஏறியதாகச் சொல்வதையும் வைத்து, எப்படி ஏறியிருக்கும் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அறிவியல் ஆசிரியர் கூட வந்தால் அவரைக் கீழே நிறுத்துங்கள். வெங்கடரமணர் கோயில் வாசலில் ராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கின்றன. படம் வரைகிற பிள்ளைகளுக்கு அது போதும்.

அப்புறம் தண்ணீர். இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே எழுதுகிறேன். சுற்றுலா வரும் பெண் பிள்ளைகள் பலர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயம். அப்படியே வெயிலில் ஏறி, பாதியில் தலை சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். என் மகள் எட்டாவது படிக்கும்போது அவளுக்கே நடந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாள். ஏறத் தொடங்கும் முன் எல்லோரும் போய்வர நேரம் ஒதுக்குங்கள். கூட வரும் டீச்சரை விட்டே சொல்லச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் போகும், போகட்டும்.

குரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், எங்கிருந்தோ இறங்கும். எங்கள் ஊர்க் குரங்குக்குப் புளிசாதமும் தெரியும், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கவும் தெரியும். சாப்பாடு பேருந்திலேயே இருக்கட்டும். தண்ணீர் மட்டும் முதுகுப்பையில்.

மதிய சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தால், தமிழாசிரியர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். செஞ்சிக்கு வடக்கே மிகக் கிட்டத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் சமணர்கள் வணங்கும் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள், இரண்டு வரிசை. பக்கத்தில் ஒரு சின்னக் கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட இடம் என்று சொல்லும் கல்வெட்டு அது. 'ஐ' என்ற எழுத்து ஆகப் பழைய வடிவில் காணக் கிடைப்பதும் அதில்தான் என்று கல்வெட்டு அறிஞர்கள் சொல்கிறார்கள், அதுவும் 'ஐம்பத்தேழு' என்ற எண்ணின் முதல் எழுத்தாக. தினமும் அந்த எழுத்தை எழுதும் பிள்ளைகள் அதை ஒரு தடவை நேரில் பார்க்கட்டுமே. அங்கே கூட்டம் இருக்காது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் கால ராணுவ நிலக்காட்சிகள் என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில். பன்னிரண்டாவது செஞ்சி. அதனால் உங்கள் பேருந்துகள் இனிமேல் கூடத்தான் செய்யும். அந்தச் சேதி வந்த வாரம் டீக்கடையில் ஒரு பெரியவர், "நாம மூட்டை மேல உக்காந்து பாத்த மலையாப்பா இது?" என்று கேட்டார். அவரும் ஏறியதில்லை. இப்போது முட்டி வலி, இனி ஏறப்போவதுமில்லை.

மாசி பாதியைத் தாண்டினால் வராதீர்கள். பாறை சுட ஆரம்பித்துவிடும், செருப்பு அறுந்த பிள்ளையின் பாடு திண்டாட்டம். தை மாதம்தான் சரி. வயலெல்லாம் அறுப்பு நடக்கும். உச்சியிலிருந்து பார்த்தால் கமிட்டிப் பக்கம் நெல் வண்டிகள் வரிசை கட்டி நிற்பது எறும்பு ஊர்வது போலத் தெரியும். அந்த ஒல்லிப் பையன் உங்கள் பள்ளியில்தான் படிக்கிறான் என்றால், அடுத்த வருடம் அவனை முதல் ஆளாக ஏற விடுங்கள்.

அன்புடன்,
செஞ்சிப் பக்கத்து ஊர்க்காரன்