ஆய்வு ஆலோசனைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்: எங்களிடம் பக்கங்களைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்து ஐந்தாம் ஆண்டில் இருக்கும் முழுநேர ஆய்வாளன் நான். அரையாண்டுக்கு ஒருமுறை உங்கள் முன் வந்து நின்று, முன்னேற்ற அறிக்கையைக் காட்டி, "சீக்கிரம் எழுதி முடியுங்கள்" என்ற அறிவுரையோடு திரும்பும் பலரில் ஒருவன். அந்த அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதைச் சொல்லவே இம்மடல். (கட்டுரை எழுத வேண்டிய நேரத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதை மறைக்கப்போவதில்லை.)

எழுதாமல் காலம் கடத்தும் ஆய்வாளர் என்றதும், கைப்பேசியும் கையுமாகப் படுத்துக் கிடப்பவர்தான் உங்கள் நினைவுக்கு வருகிறார் போலும். அப்படிப்பட்ட நாள்களும் உண்டு. ஆனால் என் நாள்களைப் பெரிதும் தின்றது சோம்பல் அன்று. வேலையைப் போலவே வேடமிட்டு வரும் வேறொரு வேலை. சென்ற மாதம் ஒருநாள், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்புரைகளைப் பற்றிய ஆய்விதழ்க் கட்டுரையின் முதல் பத்தியை எழுதக் காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் 1887இல் வெளிவந்தன என்று ஒரு வரி எழுதியதும், இரண்டில் எது முந்தியது என்ற ஐயம் எழுந்தது. என் வாதத்துக்கு அந்த விடை தேவையே இல்லை. ஆயினும் மின்னூலகத்தைத் திறந்தேன். ஒரு முகவுரையைப் படித்தேன். அதில் குறிப்பிடப்பட்ட ஏட்டுச் சுவடியின் பின்னே போனேன். சுவடி தந்தவரின் ஊர் எங்கே இருக்கிறது என்று தேடினேன். இடையில் துறையின் வாட்ஸ்அப் குழுவில் கருத்தரங்க அறிவிப்பு ஒன்று வர, அதற்கு ஆய்வுச்சுருக்கம் அனுப்பக் கடைசி நாள் எது என்றும் பார்த்து வைத்தேன். மாலை ஐந்து மணிக்கு உலாவியில் 17 பக்கங்கள் திறந்து கிடந்தன. கட்டுரையில் அந்த ஒரே வரிதான் இருந்தது. 'வெளிவந்தன' என்பது மட்டும் 'வெளியாயின' என்று மாறியிருந்தது. நாள் முழுதும் உழைத்த களைப்பில் பொய் ஏதும் இல்லை.

ஏன் இப்படி என்று யோசித்தால், அச்சம்தான் காரணம் என்று படுகிறது. எழுதாத கட்டுரையில் யாரும் குறை காண முடியாது. தள்ளிப்போடுதல் என்பது நேரத்தைக் கையாளத் தெரியாமையைவிட, மனத்தை உறுத்தும் உணர்ச்சியிலிருந்து அப்போதைக்குத் தப்பும் வழியே என்று ஃபூஷியா சிரோய், திமோத்தி பிச்சில் என்னும் உளவியலாளர்கள் 2013இல் எழுதிய கட்டுரையில் வாதிடுகிறார்கள். கால அட்டவணை போட்டுப் போட்டு ஓய்ந்த எனக்கு இது பொருத்தமாகவே தோன்றுகிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்தது 3 ஆண்டும் அதிக அளவாக 6 ஆண்டும் வகுத்து, மறுபதிவின் பேரில் மேலும் 2 ஆண்டு தருகின்றன. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வாளர் உங்கள் முன் வந்து ஆய்வின் நிலையை விளக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. நடைமுறையில் அது பன்னிரண்டு ஸ்லைடுகளாகச் சுருங்கிவிட்டது. அவற்றில் ஒன்றில் 'இரண்டாம் இயல்: 60 விழுக்காடு நிறைவு' என்று நானே போட்டிருக்கிறேன். அந்த 60 எங்கிருந்து வந்தது என்று உங்களில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திராது.

டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்பிராக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மூன்று கட்டுரைகளைப் பிழை திருத்தித் தரும் வேலையை மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாரம் ஒன்றாகத் தரச் சொல்லப்பட்டவர்கள், மூன்றையும் இறுதியில் சேர்த்துத் தரலாம் என்று விடப்பட்டவர்களைவிட அதிகப் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள், தாமதமும் குறைவு. பிழை திருத்துவதும் ஆய்வேடு எழுதுவதும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆறாண்டுக்கு அப்பால் நிற்கும் கெடு எங்கள் கண்ணுக்குக் கெடுவாகவே தெரிவதில்லை என்பதை நீங்களும் அறிவீர்கள்.

ஆகவே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கம் கேளுங்கள். திருத்தாத, மேற்கோள் நிரப்பாத, ஒற்றுப்பிழை மலிந்த பக்கங்களாயினும் சரி. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாதத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். பருவக் கூட்டத்திலும் ஸ்லைடுக்குப் பதில் அந்தப் பக்கங்களையே மேசையில் வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், பொறுத்தருள்க. நான் அனுப்பிய ஓர் இயல் நான்கு மாதம் திறக்கப்படாமலே கிடந்தது. நேரில் கேட்டபோதெல்லாம் "பார்க்கிறேன் தம்பி" என்ற விடையே வந்தது. அந்த நான்கு மாதமும் நானும் அடுத்த இயலைத் தொடவில்லை, அதற்கு அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். எங்களுக்குக் கெடு விதிக்கும்போது, படித்துக் கருத்துச் சொல்லும் நாளையும் அதே தாளில் குறித்துத் தந்தால் அந்தச் சாக்கு எங்களுக்குக் கிடைக்காது.

அடுத்த கூட்டத்துக்கு நான் எட்டுப் பக்கங்களோடு வருகிறேன். 1887 பற்றிய அந்த வரி அதில் இருக்கும். எது முந்தியது என்ற குறிப்பு இருக்காது.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டு ஆய்வாளன் ஒருவன்