முதலில் படத்தைத் தேடு

அன்புள்ள மகளுக்கு,

இணையத்தில் படம் பார்க்க எந்தச் சேவையில் சேரலாம் என்று கேட்டிருந்தாய். சேவையை அப்புறம் பார்க்கலாம், முதலில் படங்களை முடிவு செய். அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் நிஜமாகவே பார்க்க ஆசைப்படும் படங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஜஸ்ட்வாட்ச் தளத்தில் ஒவ்வொன்றாகத் தேடு. நீ இருக்கும் நாட்டில் அது எங்கே சந்தாவில் வருகிறது, எங்கே வாடகைக்குக் கிடைக்கிறது என்று காட்டிவிடும். முக்கால்வாசி ஒரே இடத்தில் இருந்தால் அங்கே சந்தா கட்டலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் படத்துக்குப் படம் வாடகைதான் சரி. நீ வேலை முடிந்து வந்து சேரும் நேரத்துக்கு, மாதம் ஒன்றிரண்டு பார்ப்பதே அதிகம். உனக்கு வாடகைதான் ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றுகிறது. நெட்ஃபிளிக்ஸில் தனிப்படம் வாடகைக்கு எடுக்க முடியாது, சந்தா மட்டும்தான். ஆப்பிள், அமேசான், யூடியூப் மூன்றிலும் பல நாடுகளில் வாடகை உண்டு.

வாடகையில் நேரக் கணக்கை நன்றாகப் புரிந்துகொள். பணம் கட்டிய பிறகு படத்தைத் தொடங்க வழக்கமாக 30 நாள் இருக்கும். பிளே பட்டனை அழுத்திவிட்டால் பெரும்பாலும் 48 மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் ஞாயிறு இரவு பத்து மணியோடு சரி. மீதிப் படத்தைத் திங்கள்கிழமை பார்க்க வேண்டுமென்றால் மறுபடி பணம் கட்ட வேண்டும். அதனால் அசதியோடு இருக்கும் இரவில், சும்மா பத்து நிமிடம் பார்ப்போமே என்று தொடாதே. சில படங்களுக்கு இந்தக் கெடு மாறும். பணம் கட்டும் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், படித்துவிட்டு அழுத்து.

அதே பக்கத்தில் எச்டி, அதைவிடத் தெளிவான 4கே என்று படத்தின் தரத்துக்கு ஏற்ப விலை வித்தியாசம் இருந்தால் கொஞ்சம் நில். நீ லேப்டாப்பில்தானே பார்க்கிறாய்? திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுப்பதற்காக, பல சேவைகள் பிரவுசரில் முழுத் தரத்தைத் தருவதில்லை. 4கேக்குப் பணம் கட்டினாலும் அதைவிடக் குறைந்த தரத்தில் ஓடலாம். உன் கருவியில் எது வரை வரும் என்று அவர்களுடைய உதவிப் பக்கத்தில் பார். இணைய வேகமும் வேண்டும். 1080பி என்கிற முழு எச்டி தரத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் (எம்பிபிஎஸ்), 4கேக்கு 15 என்று நெட்ஃபிளிக்ஸ் சொல்கிறது. மற்ற சேவைகளுக்கும் ஏறக்குறைய அந்த அளவு இருந்தால் நல்லது.

‘வாங்கு’ என்று ஒரு பட்டன் பக்கத்திலேயே இருக்கும். வாங்கினாலும் கைக்கு வருவது பார்க்கும் உரிமம்தான். அந்த நிறுவனத்தின் கையிலிருந்து படத்தின் உரிமை போய்விட்டால் உன் பட்டியலிலிருந்தும் அது போகலாம். மறுபடி மறுபடி பார்க்கப்போகும் படம் என்றால் மட்டும் யோசி.

சந்தாதான் எடுப்பாய் என்றால், அது தானாகப் புதுப்பிக்கும் என்பதை மறக்காதே. பெரும்பாலும் இடையில் ரத்து செய்தாலும் கட்டிய மாதம் முடியும்வரை பார்க்கலாம்.

இன்னொன்று, சப்டைட்டில். அப்பாவுக்கு இப்போது வசனம் சரியாகக் காதில் விழுவதில்லை. எழுத்து ஓடினால்தான் அவரால் கதையோடு போக முடிகிறது. நாம் சேர்ந்து பார்ப்பதாகச் சொன்ன படத்துக்கு, நீ பணம் கட்டும் முன்பே பெயரை எழுது. நாட்டுக்கு நாடு கிடைப்பது மாறும். இங்கேயும் வருகிறதா, சப்டைட்டில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். நீயும் அதற்குப் பிறகே எடு.

அன்புடன்,
அம்மா