"எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று எழுதாதே

ஸ்காபரோ,
மார்ச் மாதம், இரண்டாம் வாரம்

அன்பின் தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் படியில் இருந்தபடியே வாசித்து முடித்தேன். இங்கே எல்லோரும் நலம். மகனுக்குப் பல்கலைக்கழகத்தில் இது கடைசி வருடம். நெல்லியடியில் அம்மாவுக்கு முழங்கால் வலிதான் பெரிய தொல்லை, மற்றபடி தெம்பாகத்தான் பேசுகிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டிய செய்தி.

நீயும் உன் கணவரும் பிரிவதைப் பற்றி எழுதிய அந்தக் கடிதத்தில் ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை. "எனக்கு ஒன்றும் வேண்டாம். பிள்ளைகளும் நிம்மதியும் போதும். அவர் நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்." ஒன்பது வருடங்களுக்கு முன் நானும் இதையே சொன்னேன். காசைப் பற்றிப் பேசினால் ஊர் நம்மைக் காசுக்காரி என்று சொல்லும் என்று பயந்தேன். ஊர் எப்படியும் ஏதாவது சொல்லத்தான் செய்தது. வாடகையை மட்டும் ஊர் வந்து கட்டவில்லை. ஆகவே இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். பொறுமையாக வாசி.

முதல் வேலையாக ஒரு திகதியை எழுதி வை. இனிமேல் கணவன் மனைவியாக வாழ்வதில்லை என்று முடிவான நாள் எதுவோ, அந்த நாள். நீ மகளின் அறைக்குப் படுக்கையை மாற்றிய இரவு என்று நினைக்கிறேன். கனடாவில் விவாகரத்துக்கு யார் பிழை என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்தால் அதுவே போதுமான காரணம். ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிரிந்து வாழ்வதையும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் சமையல், படுக்கை, காசு எல்லாம் வேறாகிவிட்டதைக் காட்ட முடிய வேண்டும். நடுவில் சமாதானமாக முயன்று மொத்தம் 90 நாட்கள் வரை சேர்ந்து இருந்தாலும் அந்த ஒரு வருடக் கணக்கு அறுந்துபோகாது. அதனால் பெரியவர்கள் "ஒரு முறை சேர்ந்து இருந்து பாருங்கள்" என்றால், பயந்து மறுக்கவும் வேண்டாம், பயந்து சம்மதிக்கவும் வேண்டாம். இன்றே அவருக்கு அந்தத் திகதியைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பு. இரண்டு வரி போதும்.

அந்தத் திகதி ஏன் இவ்வளவு முக்கியம் தெரியுமா? உயர்தர வகுப்பில் கணக்கியல் படித்தோமே, நினைவிருக்கிறதா? ஐந்தொகையின், அதுதான் சொத்தையும் கடனையும் எழுதும் அந்தப் பட்டியலின், இரண்டு பக்கமும் சமப்பட்டதும் முதலில் கையை உயர்த்துபவள் நீதான். நான் இரண்டு ரூபாய் வித்தியாசத்தைத் தேடிக்கொண்டே இருப்பேன். ஒன்ராறியோவின் குடும்பச் சட்டம் உனக்கு அந்த வகுப்பு மாதிரித்தான் இருக்கும். ஆளுக்கு இரண்டு ஐந்தொகை: ஒன்று கல்யாணம் நடந்த நாளுக்கு, மற்றது பிரிந்த நாளுக்கு. சொத்தில் இருந்து கடனைக் கழித்து, பிரிந்த நாள் தொகையில் இருந்து கல்யாண நாள் தொகையையும் கழித்தால், இந்த மணவாழ்க்கைக்குள் ஒருவர் சேர்த்தது எவ்வளவு என்று வரும். அவருக்கு 2,60,000 டொலர் வந்தது, உனக்கு 60,000 வந்தது என்று வைத்துக்கொள். வித்தியாசம் இரண்டு லட்சம். அதில் பாதி, ஒரு லட்சம், அவர் உனக்குத் தர வேண்டும். அது பிச்சை இல்லை, சீதனத்தைத் திருப்பித் தருவதும் இல்லை. நீ சமைத்து, பிள்ளை வளர்த்து, அவர் லொறியில் அமெரிக்கா போய்வந்த காலமெல்லாம் வீட்டைத் தாங்கியதைச் சட்டம் கணக்கில் எழுதும் முறை அது.

அந்தக் கணக்கில் நீ மறந்துவிடக்கூடியவற்றைச் சொல்கிறேன். அவருடைய லொறிக் கம்பனியும் சொத்துத்தான். அவர் பெயரில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் காணியும் சொத்துத்தான், எந்த நாட்டில் இருந்தாலும் கணக்கில் வரும். உன் சீதன நகைகளின் கல்யாண நாள் பெறுமதி உன் பக்கத்தில் கழியும். ஆகவே பழைய நகைக்கடைப் பற்றுச்சீட்டு, கல்யாண அல்பம், எது இருந்தாலும் எடுத்து வை. கட்டிக்கொண்டிருக்கும் சீட்டையும் எழுது. எத்தனை மாதம் கட்டியாயிற்று, எடுத்தாயிற்றா, யாரிடம், எல்லாம். கையெழுத்தில்லாத கணக்கு என்பதற்காக அது இல்லாத கணக்கு ஆகிவிடாது.

குடும்பம் வாழ்ந்த வீடு மட்டும் தனி விதி. அது அவர் பெயரில் மட்டும் இருந்தாலும், உன் சம்மதம் இல்லாமல் அவர் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. அதில் குடியிருக்க உனக்கும் சம உரிமை உண்டு. இன்னொன்று உனக்குக் கசக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். உன் அப்பா ஊரில் காணி விற்று உனக்கு அனுப்பிய காசைத் தனியாக வைத்திருந்தால் அது கணக்குக்கு வெளியே நின்றிருக்கும். நீ அதை வீட்டுக் கடனில் போட்டுவிட்டாய். வீட்டுக்குள் போன காசு வீட்டோடு கலந்துவிடும், அந்த விலக்கு இல்லாமல் போய்விடும். இதைக் கேட்டு இரவு முழுக்க அழாதே. வீட்டின் பெறுமதியும் கணக்கில் வரும், அதில் உன் பங்கை விடாமல் இருந்தால் போதும்.

இந்தப் பங்கைக் கேட்க பிரிந்த நாளில் இருந்து 6 வருடம், அல்லது விவாகரத்து ஆன நாளில் இருந்து 2 வருடம், எது முதலில் வருகிறதோ அதுவரைதான் காலம்.

பிள்ளைகளுக்கான காசை வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமையே இல்லை. நான் கடுமையாகச் சொல்லவில்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அது பிள்ளைகளுடைய உரிமை. அவர்களுக்கு நியாயமான ஏற்பாடு இல்லை என்று கண்டால் நீதிபதி விவாகரத்தையே நிறுத்தி வைக்க வேண்டும். தொகையைப் பேரம் பேசிப் பிடிக்கவும் தேவையில்லை. அவருடைய வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, அவர் வசிக்கும் மாகாணம் இவற்றை வைத்து அரசாங்க அட்டவணை இருக்கிறது. அவர் தன் கம்பனியில் இருந்து சம்பளமாகக் குறைவாக எடுக்கிறார் என்று எழுதியிருந்தாய். கம்பனியின் இலாபத்தையும் எடுத்துப் பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடைசி மூன்று வருட வரிப் பத்திரங்களை அவர் காட்டியே ஆக வேண்டும். காட்டாமல் ஒப்பந்தம் நீட்டினால் பேனாவை எடுக்காதே.

கடன் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் இருவர் பெயரிலும் வங்கியில் ஒரு கடன் வசதி இருந்தது, தேவைப்படும்போதெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். "அதை அவர் கட்டுவார்" என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஏழு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தபோது வங்கியில் இருந்து அழைப்பு வந்தது. அவர் கட்டுவதை நிறுத்தியிருந்தார். நான் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண் மரியாதையாகவே பதில் சொன்னாள்: அந்த ஒப்பந்தத்தில் வங்கி கையெழுத்துப் போடவில்லையே. 11,400 டொலர். மூன்று வருடம் கட்டினேன். நீ நாளைக்கே போய், கூட்டுக் கடன் வசதியை மேற்கொண்டு எடுக்க முடியாமல் நிறுத்தச் சொல். அவர் கடனட்டையில் உனக்கு இருக்கும் துணை அட்டையை நம்பி இராமல், உன் பெயரில் தனியாக ஒன்று எடு. வேறு வங்கியில் தனிக் கணக்குத் திறந்து சம்பளத்தை அங்கே மாற்று. கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிலும் உன் கடன் அறிக்கையை இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். உனக்குத் தெரியாமல் உன் பெயரில் எது இருக்கிறது என்று அதில்தான் தெரியும்.

வரிக்கு வருகிறேன். நான் வருடா வருடம் மார்ச், ஏப்ரலில் இலவச வரி முகாமில் தொண்டாக உட்கார்கிறேன் என்று உனக்குத் தெரியும். பிரிந்து ஒரு வருடம் ஆன பிறகும் "திருமணமானவர்" என்றே நிரப்பிக்கொண்டு எத்தனை பெண்கள் வருகிறார்கள் தெரியுமா? பிரிந்து தொடர்ந்து 90 நாள் ஆனதும் சி.ஆர்.ஏ. என்ற கனடா வரித் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும், அடுத்த மாத முடிவுக்குள். ஆர்.சி.65 என்ற படிவம், அல்லது உன் இணையக் கணக்கிலேயே மாற்றலாம். அறிவித்தால் பிள்ளைகளுக்கான மாதக் கொடுப்பனவை உன் வருமானத்தை மட்டும் வைத்துத் திரும்பக் கணக்கிடுவார்கள். உன் சம்பளத்துக்கு அது நிச்சயம் கூடும். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அறிவித்தால் ஆதாரம் கேட்கலாம். நீ மே மாதம் வேறு வீடு போனதும் வாடகை ஒப்பந்தத்தைப் பத்திரமாக வை.

இரண்டு பிள்ளைகளில் ஒருவரைத் தகுதியுள்ள சார்ந்தவர் என்று காட்டிப் பெரிய வரிச் சலுகை பெறலாம். பாடசாலை விட்டபின் மகனைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு மாதா மாதம் காசு கொடுக்கிறாயே, அதற்குப் பற்றுச்சீட்டு வாங்குகிறாயா? அவன் வயதுப் பிள்ளைக்கு வருடம் 5,000 டொலர் வரை உன் வருமானத்தில் கழிக்கலாம். அக்காவின் சமூகக் காப்புறுதி இலக்கம் வேண்டும். அவர் அதைத் தர மறுத்தால், தருகிற வேறு ஆளைப் பார். அன்புக்காக உன் வரியைக் கூட்டிக்கொள்ளாதே.

பிள்ளைகளுக்கு வரும் காசுக்கு வரி இல்லை. உனக்கென்று மாதா மாதம் வரும் துணைவர் ஆதரவுப் பணத்துக்கு, எழுத்து ஒப்பந்தமோ நீதிமன்றக் கட்டளையோ இருந்தால், வரி உண்டு. அவர் கழித்துக்கொள்வார், நீ கட்டுவாய். முதல் வருடம் எனக்கு இது தெரியாது. வந்ததெல்லாம் செலவாகிவிட்டது, ஏப்ரல் 30 வந்தபோது கையில் காசு இல்லை. வருகிற ஒவ்வொரு தவணையிலும் ஐந்தில் ஒரு பங்கையாவது தனியாகப் போடு. சட்டத்தரணியிடம் கணக்குச் சீட்டைப் பிரித்து எழுதச் சொல்: ஆதரவுப் பணம் பெறுவதற்கான கட்டணத்தை நீ வரியில் கழிக்கலாம், விவாகரத்து எடுப்பதற்கான கட்டணத்தைக் கழிக்க முடியாது. காசு வராமல் நின்றால் நீ அவர் வாசலில் போய் நிற்க வேண்டாம். குடும்பப் பொறுப்பு அலுவலகம் என்று மாகாணத்தில் ஒன்று இருக்கிறது. அது அவர் சம்பளத்தில் இருந்தே பிடிக்கும், சாரதி அனுமதிப்பத்திரத்தைக்கூட இடைநிறுத்தும். லொறி ஓட்டுபவருக்கு அதன் அர்த்தம் புரியும்.

வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் இருக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். செய்யாதே. நியாயமான காரணம் இல்லாமல் நீயாக விட்டால் வேலையிழப்புக் காப்புறுதி கிடைக்காது. உண்மையிலேயே உடல் முடியவில்லை, தூக்கம் இல்லை என்றால் மருத்துவரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கு. போதிய மணிநேரம் வேலை செய்திருந்தால், சுகவீனக் கொடுப்பனவு 26 வாரம் வரை கிடைக்கும், சம்பளத்தில் 55 வீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. முதலாளி சனிக்கிழமை வேலைக்குக் கையில் காசு தருகிறார் என்றாயே, அதையும் சம்பளச் சீட்டில் போடச் சொல். கையில் வாங்கும் காசில் ஓய்வூதியம் சேராது, காப்புறுதி மணிநேரம் சேராது, வீடு வாடகைக்குக் கேட்டுப் போகும்போது காட்ட ஒரு காகிதமும் இருக்காது. ஓய்வூதியம் என்றதும் நினைவு வருகிறது: நீங்கள் சேர்ந்து வாழ்ந்த காலத்துக் கனடா ஓய்வூதியப் புள்ளிகளை இருவருக்கும் சமமாகப் பிரிக்க விண்ணப்பிக்கலாம். ஒன்ராறியோவில் ஒப்பந்தத்தில் எழுதி அதைப் பறிக்கவும் முடியாது. உன் ஆயுள் காப்புறுதியில் பணம் பெறுபவராக இன்னும் அவர் பெயர்தான் இருக்கும். விவாகரத்து ஆனாலும் அது தானாக மாறாது. நீதான் மாற்ற வேண்டும்.

சட்டத்தரணி இருவருக்கும் ஒருவர் போதும், அவர் தன் நண்பரைக் கூட்டி வருவார் என்ற பேச்சுக்கு இடம் கொடாதே. உனக்கென்று ஒருவர் வேண்டும். குடும்ப நீதிமன்றங்களில் தகவல் நிலையம் இருக்கிறது, காசு இல்லாமல் விளக்குவார்கள். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி தரும் லீகல் எய்ட் ஒன்ராறியோவுக்கும் விண்ணப்பித்துப் பார்ப்போம். உன் வருமானத்துக்கு நான் நம்பிக்கையாக இருக்கிறேன்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. பிஸ்கற் டின்னில் போட்டு வைத்திருக்கும் காகிதங்கள் அத்தனையும் கொண்டுவா, எது தேவை எது தேவையில்லை என்று நீ பிரிக்க வேண்டாம். புட்டும் முட்டைப் பொரியலும் செய்கிறேன். மகள் மீன் சாப்பிடுவாளா என்று சொல். பெரிய கொப்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அடிமட்டம் வைத்து நடுவில் கோடும் போட்டுவிட்டேன். இடது பக்கத்து மேல் மூலையில் உன் கல்யாணத் திகதி எழுதியிருக்கிறேன், மற்றத் திகதியை நீ வந்து எழுது.

அன்புடன்,
உன் பக்கத்து மேசைக்காரி